பாக்கி வைத்தால் கதவடைப்பு!

காரைக்காலுக்கு மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல். மின்கம்பிக்கு எல்லைக்கோடு தெரியாது. கடன் கணக்குக்கு நன்றாகவே தெரியும்!

2022 ஆகஸ்ட் 18. நாட்டின் மின்கட்டமைப்பை இயக்கிய 'பொசோகோ' ஒரு கடிதம் எழுதியது: 13 மாநிலங்களின் 27 விநியோக நிறுவனங்களை நாளை முதல் மின்சாரச் சந்தைக்குள் விடாதீர்கள். காரணம், உற்பத்தியாளர்களுக்கு வைத்த பாக்கி - சுமார் 5,000 கோடி ரூபாய். அந்த ஜூனில்தான் புது விதி வந்திருந்தது.

பட்டியலில் தமிழ்நாடு உண்டு. புதுச்சேரி, அதாவது காரைக்காலும், இல்லை! இத்தனைக்கும் புதுச்சேரி அரசுக்குச் சொந்தமாக இருந்தது காரைக்காலின் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம்தான். மற்றதெல்லாம் வெளியே வாங்குவது.

விலக்கினால் விளக்கு உடனே அணைந்துவிடாது. நீண்டகால ஒப்பந்த மின்சாரம் வந்துகொண்டிருக்கும். அவசரத்துக்குச் சந்தையில் வாங்க முடியாது, மிஞ்சியதை விற்கவும் முடியாது. "பணம்தான் கட்டியாச்சே!" என்று சில மாநிலங்கள் கொதித்தன. கணக்கு நேரானவர்களுக்குக் கதவு திறந்தது.