நிலப்படக் குறியீடுகள்: மதுரைத் தலப்படம்

நிலப்பரப்பிலுள்ள ஆறு, மலை, சாலை, ஊர் ஆகியவற்றைக் கோடு, நிறம், வடிவம், எழுத்து ஆகியவற்றால் காட்டும் மரபுச் சின்னங்கள். இந்தியாவில் இவற்றை வகுத்துத் தருவது 1767இல் தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறை. மதுரை நகரம் அதன் 58 கே/1 எண் தலப்படத்தில் அடங்குகிறது.

அளவை: 1:50,000 அளவைத் தலப்படத்தில் 2 செ.மீ. நீளம் நிலத்தில் 1 கி.மீ. மீனாட்சியம்மன் கோயில் வளாகம் ஏறத்தாழ 5 மி.மீ. சதுரமாகச் சுருங்கும். 10 மீட்டர் அகலச் சாலை 0.2 மி.மீ.தான் வரும் என்பதால், கண்ணுக்குத் தெரியும்படி அதைத் தடித்த கோடாக வரைவர். சித்திரை, ஆவணி மூலம், மாசி வீதிகளின் அடுக்கைத் தெளிவாகக் காட்டப் பேரளவை நகரப்படம் வேண்டும்.

நிறம்: நீர்நிலைகளுக்கு நீலம், காட்டுக்குப் பச்சை, விளைநிலத்துக்கு மஞ்சள், குடியிருப்புக்கும் சாலைக்கும் சிவப்பு, சமஉயரக் கோட்டுக்குப் பழுப்பு. நீரற்ற ஓடைகளும் பெயர்களும் கறுப்பில் அமையும். பருவமழையை நம்பிய வைகைச் சமவெளியில் நீலத்துக்கும் கறுப்புக்கும் உள்ள இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

உயரம்: சமஉயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர். யானைமலை, நாகமலைச் சரிவுகளில் அவை நெருங்கும், சமவெளியில் விலகும். கோடுகள் அரிதான அங்கே, நிலத்தின் சாய்வை அறியக் கண்மாய்க் கரைகளே துணை: கரை தாழ்வான பக்கத்தில் இருக்கும்.