சாதகமான இயந்திரம் எது?

1637ஆம் ஆண்டுப் போரில் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டவர்கள் பீக்குவாட் பழங்குடியினர். அவர்களின் வழிவந்த மாஷன்டக்கெட் குழுவினர் 1992இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபாக்ஸ்வுட்ஸ் சூதாட்ட விடுதியைத் திறந்தனர். அப்போது அங்கே ஸ்லாட் இயந்திரங்களுக்கு இடமில்லை. 1988ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி அவற்றுக்கு மாநிலத்தின் உடன்பாடு வேண்டும். 1993இல், ஸ்லாட் வருவாயில் 25 விழுக்காட்டை மாநிலத்துக்குத் தர இசைந்து அவ்வுரிமையைப் பெற்றனர்.

இத்தகைய பெரிய விடுதிகளின் ஆயிரக்கணக்கான இயந்திரங்களிடையே நமக்குச் சாதகமான ஒன்று உண்டா? நெடுநேரம் பரிசு தராத இயந்திரம் இனித் தந்துவிடும் என்று நம்புகிறோம். ஆனால், எண்களைத் தற்செயலாகத் தெரிவுசெய்யும் கணினி நிரல் முந்தைய ஆட்டங்களை நினைவில் கொள்வதில்லை.

விதிவிலக்கு ஒன்றுண்டு. சில இயந்திரங்களில், ஆட்டந்தோறும் வளரும் பரிசுத்தொகை குறித்த வரம்பை எட்டுமுன் யாருக்கேனும் கிடைத்தே தீரவேண்டும். தொகை வரம்பை மிக நெருங்கியிருப்பின் கணக்கு ஆடுபவர் பக்கம் சாயக்கூடும். அத்தகைய இயந்திரங்களைத் தேடி விடுதிகளில் அலைவோரும் உளர். எனினும், அத்தொகை முன்னர் ஆடித் தோற்றவர்களின் பணத்தில் சேர்ந்ததே. விடுதிக்கு அதனால் இழப்பில்லை.

நாம் இயந்திரத்தில் தேடும் சாதகத்தைப் பீக்குவாட்டுகள் சட்டத்தில் தேடினர், கண்டும் கொண்டனர்.