காந்தி நினைவு அருங்காட்சியகம், மதுரை

காந்தி நினைவு அருங்காட்சியகம் என்பது மதுரையில், வைகை ஆற்றின் வடகரையில் உள்ள தமுக்கம் அரண்மனையில் அமைந்த அருங்காட்சியகம் ஆகும். நாயக்கர் கால அரண்மனையாகவும், பிரித்தானியர் ஆட்சியில் மாவட்ட ஆட்சியரின் மாளிகையாகவும் விளங்கிய இக்கட்டடம் 1959இல் அருங்காட்சியகமானது. காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த, குருதிக்கறை படிந்த ஆடை இங்குப் பாதுகாக்கப்படுகிறது.

தமுக்கம் அரண்மனை

இவ்வரண்மனையைக் கட்டியவர் இராணி மங்கம்மாள் என்பது பரவலான கருத்து. கட்டிய ஆண்டாக 1670 பல இடங்களில் குறிக்கப்படுகிறது. எனினும் மங்கம்மாள் தம் பேரன் விசயரங்க சொக்கநாதருக்காக ஆட்சிப் பொறுப்பேற்றது 1689இல்தான் என்பதால், இவ்வாண்டை எச்சரிக்கையுடன் கொள்வதே நன்று.

'தமுக்கம்' தெலுங்கு வழிவந்த சொல். கோடை மாளிகை எனப் பொருள்படும். உயர்ந்த மேடைமீது நிற்கும் இம்மாளிகையிலிருந்து அரச குடும்பத்தினர் யானைப் போர் முதலியவற்றைக் கண்டுகளித்தனர் என்பர். அருகிலுள்ள தமுக்கம் மைதானம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. சித்திரைப் பொருட்காட்சி பல ஆண்டுகள் நடைபெற்ற அம்மைதானத்தில் 2022இல் மாநாட்டு மையம் திறக்கப்பட்டது.

நாயக்கர் ஆட்சி 1736இல் முடிவுற்ற பின் மதுரை கருநாடக நவாபின் ஆளுகைக்கும், 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகைக்கும் உட்பட்டது. 1955இல் சென்னை மாநில அரசு அரண்மனையையும் அதைச் சூழ்ந்த சுமார் 13 ஏக்கர் நிலத்தையும் காந்தி நினைவு நிதிக்கு வழங்கியது. 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் ஜவகர்லால் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார்.

காந்தியும் மதுரையும்

காந்தி 1919, 1921, 1927, 1934, 1946 ஆகிய ஆண்டுகளில் மதுரைக்கு வந்துள்ளார். இவற்றுள் 1921 வருகையே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அவ்வாண்டு செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில், சட்டையையும் தொப்பியையும் துறந்து அரையாடைக்கு மாறினார். கதராடை வாங்கவும் இயலாத ஏழைகளின் நிலையே இதற்குக் காரணம். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அவர் சென்றது 1946இல். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அக்கோயில் 1939இல் திறந்துவிடப்பட்ட பின்னரே அது நிகழ்ந்தது.

காட்சிப் பொருட்கள்

விடுதலைப் போராட்ட வரலாற்றை 265 படங்களும், காந்தியின் வாழ்க்கையை 124 ஒளிப்படங்களும் விளக்குகின்றன. அவர் பயன்படுத்திய 14 பொருட்கள் தனிப்பிரிவில் உள்ளன. 1948 சனவரி 30 அன்று அவர் அணிந்திருந்த ஆடை இப்பிரிவில்தான் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டுள்ளது. அரையாடைக்கு மாறிய ஊரிலேயே அவரது இறுதி ஆடையும் இருப்பதைப் பார்வையாளர் பலர் கவனிப்பதில்லை.

வளாகம்

இவ்வளாகத்தில் நூலகமும் திறந்தவெளி அரங்கும் உள்ளன. 1981இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகமும் இங்கேயே அமைந்துள்ளது. பெயரளவில் குழப்பம் நேர்ந்தாலும், அது தமிழ்நாடு அரசின் அருங்காட்சியகத் துறையைச் சேர்ந்த தனி நிறுவனமாகும்.