படகிலிருந்து உடலுக்கு: வடகடல் கரையில் சிறுபடகுப் பாதுகாப்பின் வரலாறு

1848 ஆகஸ்ட் 18ஆம் தேதி மாலை, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலிருந்து ஹெர்ரிங் மீன் பிடிக்க ஏறத்தாழ 800 படகுகள் கடலுக்குப் போயின. பின்னிரவில் தென்கிழக்கிலிருந்து புயல் கிளம்பியது. மறுநாள் கணக்கெடுத்தபோது 124 படகுகள் அழிந்திருந்தன. இறந்த மீனவர் 100 பேர். விக் என்ற ஊரின் கணக்கில் மட்டும் 37 உயிர்கள். கரையை எட்டிவிட்ட பிறகும் அங்கே பலர் மாண்டார்கள். கடல் வற்றியிருந்த நேரம் அது. துறைமுக வாயில் நுழையப் போதுமான ஆழம் இல்லாமல், படகுகள் வெளியே அலையில் சிக்கிக்கொண்டன.

விசாரணைக்கு அனுப்பப்பட்டவர் கடற்படை கேப்டன் ஜான் வாஷிங்டன். 1849இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அவருடைய அறிக்கை, வெவ்வேறு கரைகளின் மீன்பிடி படகுகளை வரைபடங்களோடு ஒப்பிட்டுக் காட்டியது. மேல்தளம் இல்லாத திறந்த படகும், எல்லா வேளையிலும் நுழைய முடியாத துறைமுகமும்தான் உயிர்களைக் குடித்தன என்பது அவர் முடிவு. மேல்தளம் போடச் சொன்னார். மீனவர்கள் தயங்கினார்கள். தளம் போட்டால் செலவு கூடும், மீன் கொட்ட இடம் குறையும், துடுப்பு வலிப்பதும் கரையில் இழுத்து ஏற்றுவதும் கடினம் என்றார்கள். இதைப் பழமைப் பிடிவாதம் என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. துறைமுகமே இல்லாத ஊரில், ஆட்கள் தோள் கொடுத்து மணலில் ஏற்றவேண்டிய படகு கனமாக இருக்க முடியாது. துறைமுகம் மாறாமல் படகு மாறாது என்பதை வாஷிங்டனும் உணர்ந்திருந்தார்.

எனினும் அவர் விசாரணையின் எல்லை படகும் துறைமுகமும்தான். நீரில் விழுந்த மனிதனுக்கு அடுத்த சில நிமிடங்களில் என்ன நேர்கிறது என்ற கேள்வி தனி ஆய்வுப் பொருளாக இன்னும் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

படகைத் திருத்தினால் போதும் என்ற நம்பிக்கையின் எல்லையை 1881ஆம் ஆண்டு காட்டியது. அந்த ஜூலையில் ஷெட்லாந்தின் குளூப் ஊரார் ஆறு துடுப்புத் திறந்த படகுகளில் ஆழ்கடல் சென்றிருந்தார்கள். ஒரே புயலில் 10 படகுகளும் 58 பேரும் போனார்கள். இது வாஷிங்டனின் வாதத்துக்குச் சான்று. ஆனால் அக்டோபர் 14 அன்று தெற்கே ஐமவுத் கரையில் இறந்த 189 பேரில் பெரும்பாலோர் மேல்தளம் கொண்ட படகுகளில் சென்றவர்கள். அன்று காலை அங்கிருந்த காற்றழுத்தமானி வெகுவாக இறங்கியிருந்தது. ஆனால் வானம் தெளிந்து, கடலும் அமைதியாகக் கிடந்தது. முந்தைய நாள்களில் மோசமான வானிலையால் தொழில் நடக்கவில்லை. வருமானமில்லாமல் கிடந்தவர்கள் கருவியை நம்பி மேலும் ஒருநாள் காத்திருக்கவில்லை. நண்பகலில் காற்று அறைந்தது. திரும்பிய படகுகள் சில துறைமுக வாயிலுள்ள ஹர்க்கர் பாறைகளில், கரையில் நின்ற உறவினர் கண்ணெதிரே உடைந்தன.

நீரில் விழுந்தவனை மிதக்க வைக்கும் முயற்சி மீட்புப் படகுகளில் தொடங்கியது. 1854இல் கேப்டன் வார்ட் வடிவமைத்த கார்க் அங்கியை மீட்புப் படகுக்காரர்கள் அணியத் தொடங்கினர். 1861 பிப்ரவரியில் இங்கிலாந்தின் விட்பியில் மீட்புப் படகு கவிழ்ந்து 13 பேரில் 12 பேர் இறந்தார்கள். பிழைத்த ஹென்றி ஃப்ரீமன் ஒருவர்தான் அந்தப் புதிய அங்கியை அணிந்திருந்தார். இதைவிடத் தெளிவான சோதனை வேறு தேவையில்லை. ஆனாலும் கார்க் விறைப்பானது, பருமனானது. வலை இழுப்பவனுக்கு அது தொல்லை. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இலவம்பஞ்சு அடைத்த அங்கி வந்தபோதும் அதை முதலில் அணிந்தவர்கள் மீட்பவர்களே. மீனவர்களின் அன்றாட உடையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

குளிரைப் பற்றிய புரிதல் தாமதமாக வந்தது. 1963 டிசம்பரில் மதேராவுக்கு அருகே லக்கோனியா கப்பல் தீப்பிடித்து, 128 பேர் இறந்தனர். நீர் உறையும் குளிரில் இல்லாதபோதும் பலரைக் குளிரே கொன்றது என்று உடலியல் ஆய்வாளர் வில்லியம் கீட்டிங் வாதிட்டார். அவருடைய ‘குளிர்நீரில் உயிர்பிழைத்தல்’ 1969இல் வெளியானது. 1981இல் ஆய்வாளர்கள் கோல்டனும் ஹெர்வியும் குளிர்நீரில் நேரும் மரணத்தைக் கட்டங்களாகப் பிரித்தார்கள். முதல் மூன்று நிமிடங்களில் தோலில் குளிர் அறைவதால் மூச்சு தன்னையறியாமல் உள்ளே இழுக்கப்படும். அந்த நொடியில் வாய் நீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. அடுத்த அரைமணிக்குள் கைகால் தசைகள் செயலிழந்து, நீந்தத் தெரிந்தவனும் மூழ்குவான். உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குவது அதன் பிறகே. மீட்டு மேலே தூக்கும்போதோ தூக்கிய பின்போ இரத்த அழுத்தம் சரிந்து இறப்பவர்களும் உண்டு.

இந்தக் காலவரிசை பழைய விபத்துகளை வேறு விதமாகப் படிக்க வைக்கிறது. விக் கரையில் ஆகஸ்டிலும் கடல்நீர் 13 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். குளிர் அதிர்ச்சி கடுமையாகும் வெப்பநிலை அது. தோல் பூட்ஸும் கனத்த கம்பளியும் அணிந்த ஆள், கரைக்குச் சில கஜ தூரத்திலும் மூழ்கியிருப்பான். நீச்சல் தெரியாததை மட்டும் குறைசொல்வது பொருந்தாது.

எந்நேரமும் அணியத்தக்க மெல்லிய அங்கி, நீரில் விழுந்தவுடன் தானே காற்றடைத்துக்கொள்ளும் வகையில் வந்த பின்னரே, அதைக் கட்டாயமாக்குவது நடைமுறைக்கு ஏற்றதானது. 2018 நவம்பர் முதல் பிரிட்டனில், தவறி விழும் ஆபத்து நீக்கப்படாத மீன்பிடி படகின் திறந்த தளத்தில் வேலை செய்பவர் மிதவை அங்கி அணிந்தே ஆகவேண்டும். வலையில் மாட்டுகிறது, வேலைக்கு இடைஞ்சல் என்ற பேச்சு படகுகளில் இன்னும் கேட்கிறது.