வாக்கியம் கூறும் வரலாறு

நாகபுரி ரயில் நிலையத்து மேடையில் நின்று ஒலிபெருக்கியின் அறிவிப்பைச் செவிமடுத்திராத தமிழ்க் குடும்பம் நம் காலனியில் ஒன்றும் இராது. ஊருக்குப் புறப்படும் நாளில் அக்குரல் நமக்குத் தேனாக இனிக்கும். வண்டி தாமதம் என்னும் நாளில் வேம்பாகக் கசக்கும். அவ்வறிவிப்பிலே ஒரு நெடிய வரலாறு அடங்கிக் கிடக்கிறது. “நயீ தில்லீ ஸே சல்கர், நாக்பூர் கே ராஸ்தே, சென்னை ஜானே வாலீ காடீ” என்று இந்தியில் கூறுகின்றனர். இதனைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால், “புது தில்லியிலிருந்து புறப்பட்டு, நாகபுரி வழியாக, சென்னை செல்லும் வண்டி” என்று வருகிறது. ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டுவதில்லை. ஆங்கிலத்திலோ இவ்வரிசை பெரிதும் மாறிவிடுகிறது. ‘இருந்து’, ‘வழியாக’ எனப் பொருள்படும் சொற்கள் ஊர்ப்பெயர்களுக்கு முன்னே சென்று நிற்கின்றன. நாம் இறுதியில் சொல்லும் ‘வண்டி’ அங்கே முதலில் வந்துவிடுகிறது.

இதில் வியப்பு யாதெனில், இந்தியும் ஆங்கிலமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள். இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் பிறந்தவை. தமிழோ திராவிடக் குடும்பத்தது. உறவினர் இருவரும் வெவ்வேறு முறையில் வாக்கியம் அமைக்க, உறவல்லாத தமிழும் இந்தியும் ஒரே முறையில் அமைக்கக் காரணம் யாது? இவ்வினாவுக்கு அறிஞர்கள் விடை கண்ட வரலாற்றையே இம்மலரில் சிறிது கூற விழைகிறோம். நாம் மொழிநூற் புலவர் அல்லோம். எனினும், வேற்று மொழி வழங்கும் ஊரில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் என்ற முறையில் இவ்வரலாற்றை அறியும் கடப்பாடு நமக்கு உண்டு.

வாக்கியத்தின் உறுப்புகள் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்பதை நாம் பள்ளியிலேயே படித்தோம். “இராமன் ரொட்டியைத் தின்றான்” என்பது தமிழ். “ராம் நே ரோட்டீ காயீ” என்பது இந்தி. இரண்டிலும் வினை ஈற்றில் நிற்கிறது. ஆங்கிலத்தில் வினை நடுவே நிற்கும். பழைய அரபு மொழியிலும், பிரிட்டனின் மேற்கே வழங்கும் வெல்ஷ் மொழியிலும் வினையே முதலில் வரும். உலக மொழிகளில் 1300க்கு மேற்பட்டவற்றைத் தொகுத்து நோக்கிய அண்மைக் காலத்து ஆராய்ச்சி ஒன்றில், வினையை ஈற்றில் வைக்கும் நம் முறையைக் கொண்டவை 560க்கு மேல் என்றும், ஆங்கில முறையைக் கொண்டவை 480க்கு மேல் என்றும் கண்டனர். ஆகவே, ஆங்கிலம் பயின்ற சிலர் எண்ணுவதுபோல் நம் வாக்கியம் தலைகீழானதன்று. உலகில் மிகுதியாக வழங்கும் முறையே நம் முறை.

இவ்வரிசைகளுக்குள் ஓர் ஒழுங்கும் உண்டு. அமெரிக்க அறிஞர் ஜோசப் கிரீன்பர்க் 30 மொழிகளை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டு, 45 பொது விதிகளை 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்முப்பதில் கன்னடமும் இந்தியும் இடம்பெற்றன. வினையை ஈற்றில் வைக்கும் மொழிகள் பெரும்பாலும் ‘இல்’, ‘இருந்து’ போன்றவற்றையும் பெயருக்குப் பின்னேயே வைக்கின்றன என்பது அவர் கண்ட விதிகளுள் ஒன்று. ‘வீட்டில்’ என்கிறோம் நாம். ‘கர் மேன்’ என்கிறது இந்தி. வினையை முதலில் வைக்கும் மொழிகளோ அவற்றைப் பெயருக்கு முன்னே வைக்கின்றன. வீட்டின் ஒரு சுவரை எந்தத் திசையில் எழுப்பினோமோ அதற்கேற்பவே மற்றச் சுவர்களும் அமைவதுபோல், வாக்கியத்தின் உறுப்புகளும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன.

சொற்கள் அமையும் முறையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். தொல்காப்பியத்துச் சொல்லதிகாரம் சொற்கள் தம்முள் இயைந்து தொடராகும் முறையைக் கூறும் கிளவியாக்கத்திலேயே தொடங்குகிறது. செய்யுளில் சொற்கள் இடம் மாறி நிற்கும்போது பொருள் கொள்ளும் வகையை நன்னூலார் எட்டாக வகுத்துக் காட்டினார். ஆயின் அவர்கள் ஆராய்ந்தது தமிழ் ஒன்றையே. பல மொழிகளை அருகருகே வைத்து உறவு காணும் முயற்சி பின்னரே எழுந்தது.

1786ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்று எடுத்துரைத்தார். தென்னாட்டு மொழிகளும் அவ்வடமொழியின் வழிவந்தவையே என்ற எண்ணம் அந்நாளில் அறிஞரிடையே பரவியிருந்தது. சென்னையில் கலெக்டராக விளங்கிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ் இதனை மறுத்தார். 1816ஆம் ஆண்டில் காம்ப்பெல் என்பார் வெளியிட்ட தெலுங்கு இலக்கண நூலின் முகப்பில் எல்லிஸ் ஒரு குறிப்பு எழுதி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் தனியொரு குடும்பம் என்பதை வேர்ச்சொற்களையும் வாக்கியங்களையும் ஒப்பிட்டு மெய்ப்பித்தார். 1838இல் சென்னைக்கு வந்து, பின்னர் திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856ஆம் ஆண்டில் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு அவ்வுண்மையை நிலைநாட்டினார்.

கால்டுவெல் தம் நூலில் சேர்த்துக்கொண்ட மொழிகளுள் கோண்டியும் ஒன்று. நாம் குடியிருக்கும் இந்நாகபுரி நகரை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தவர் கோண்டு அரசர் பக்த் புலந்த் ஷா அல்லவா? இங்கே ஹிஸ்லாப் கல்லூரிக்குப் பெயர் தந்த பாதிரியார் ஸ்டீபன் ஹிஸ்லாப், கோண்டு மக்களின் வழக்கங்களையும் பாடல்களையும் சொற்களையும் திரட்டினார்; அவர் மறைந்தபின் 1866ஆம் ஆண்டில் அக்குறிப்புகள் அச்சாயின. கோண்டியில் இரண்டை ‘ரண்டு’ என்றும், மூன்றை ‘மூந்து’ என்றும், நான்கை ‘நாலுங்’ என்றும் எண்ணுகின்றனர். 2011ஆம் ஆண்டின் மக்கட் கணக்கின்படி கோண்டி பேசுவோர் ஏறத்தாழ 29 லட்சத்து 84 ஆயிரம் பேர். “நாம் தென்கோடியிலிருந்து அயலூருக்கு வந்தவர்கள்” என்று வருந்தும் தமிழன்பர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் மொழியின் உடன்பிறப்பு நமக்கு நெடுங்காலம் முன்பே இங்கு குடியிருந்திருக்கிறது.

இவ்வாறு எண்ணுப் பெயர்களையும் வேர்ச்சொற்களையும் விகுதிகளையும் கொண்டு மொழிகளின் பிறப்பு துணியப்பட்டது. ஆனால், பிறப்பு வேறாயினும் இந்திய மொழிகளின் வாக்கியம் ஒத்திருப்பது ஏன் என்ற வினா எஞ்சி நின்றது. நீலகிரியில் தோடர் மொழியை ஆராய்ந்த எமனோ என்னும் அறிஞர், 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில், இந்தியா முழுவதையும் ஒரே மொழிப் பரப்பாகக் காணவேண்டும் என்றார். வெவ்வேறு குடும்பத்து மொழிகள் ஒரே நிலத்தில் நெடுங்காலம் கலந்து பழகினால், அவை ஒன்றன் இயல்பை மற்றொன்று ஏற்கும் என்பது அவர் கருத்து. சான்றுகள் நம் அன்றாடப் பேச்சிலேயே உள்ளன. நாம் ‘போய்’ என்றால் இந்தி ‘ஜாகர்’ என்கிறது. நாம் “எனக்குப் பசிக்கிறது” என்றால் இந்தி “முஜே பூக் லகீ ஹை” என்கிறது. ஆங்கிலத்தைப்போல் பசித்தவனை எழுவாயாக்குவதில்லை. நம் வீட்டில் ‘காப்பி கீப்பி’ என்றால் அடுத்த வீட்டில் ‘சாய் வாய்’ என்கின்றனர்.

இதனைக் கொண்டு, வடமொழியினர் அனைத்தையும் தமிழிடமே கடன் கொண்டனர் என்று மார்தட்டுவது முறையன்று. வேத காலத்து மொழியிலேயே வினை பெரும்பாலும் ஈற்றில் நின்றது. கொடுத்தது எது, கொண்டது எது என்பதில் அறிஞர்கள் இன்றும் வேறுபடுகின்றனர். விலக்குகளும் உண்டு. காச்மீரியில் வினை வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் நிற்கும். மேகாலயத்தில் வழங்கும் காசி மொழியில் அது நடுவே நிற்கும். எனினும், நம் நாட்டின் பெரும்பகுதியில் வாக்கியத்தின் கட்டுமானம் ஒன்றாய் இருப்பது கண்கூடு. சொல் ஒரு மொழியின் பிறப்பைக் காட்டுகிறது. வாக்கியம் அது யாருடன் வாழ்ந்தது என்பதையும் காட்டுகிறது.

இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காட்டிய ஊர் நம் மகாராஷ்டிரத்திலேயே உள்ளது. சாங்க்லி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய குப்வாட் என்னும் சிற்றூரைப் பற்றி 1971ஆம் ஆண்டில் கம்பர்ஸ், வில்சன் என்னும் இரு அறிஞர்கள் எழுதினர். அங்கே கன்னடம், மராத்தி, உருது ஆகியவை பல நூற்றாண்டுகளாக அருகருகே வழங்கின. வயலிலும் கடையிலும் எல்லாரும் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும். வீட்டுக்குள் அவரவர் மொழி. இதன் பயனாக, மும்மொழிகளின் வாக்கியங்களும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. ஒன்றில் சொல்லும் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் மற்றொன்றாகிவிடும். ஆயினும் சொற்களும் விகுதிகளும் மாறவில்லை, எம்மொழியும் அழியவில்லை. ஏன்? வீட்டுக்குள் பேசும் வழக்கத்தை எவரும் கைவிடவில்லை. பொதுவிடத்தில் அவர்களின் வாக்கியங்கள் நெருங்கின. வீட்டுமொழி அவரவருடையதாகவே நின்றது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் பிள்ளைகள் தமிழில் ‘டைம்’ என்றும் ‘சாவி’க்குப் பதில் ‘சாபி’ என்றும் கூறுவதைக் கேட்டு நாம் சினக்கிறோம். அச்சாவியே போர்த்துகீசியர் தந்த சொல் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். சொற்கள் வருவன, போவன. உண்மையான மாற்றம் வேறிடத்தில் நிகழ்கிறது. “நாளை வருவேன் என்று அவன் சொன்னான்” என்பது நம் முறை. இந்தியில் பாரசீகத்திலிருந்து வந்த ‘கி’ என்னும் சொல், சொன்னான் என்பதை முன்னே வைத்து, சொன்னதைப் பின்னே தள்ளுகிறது. நம் பிள்ளைகளும் “அவன் சொன்னான், நாளை வருவேன் என்று” என்கின்றனர். சிலர் ‘என்று’ என்பதையும் விட்டுவிடுகின்றனர். மராத்தியில் நம் ‘என்று’ போலவே ‘ம்ஹணூன்’ என்னும் சொல் நிற்பதை அவர்களுக்குக் காட்டலாம்.

மற்றொன்று: தமிழில் கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம்’, அவரை விலக்கினால் ‘நாங்கள்’. மராத்தியிலும் ‘ஆபண்’, ‘ஆம்ஹீ’ என இவ்வேறுபாடு உண்டு. இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’ ஒன்றே. சென்ற பொங்கலன்று நம் இல்லத்துச் சிறுமி, விருந்துக்கு வந்த முதியவரிடம், “நாளைக்கு நாம் ராம்டேக் போகிறோம், தாத்தா” என்றாள். தம்மையும் அழைப்பதாக எண்ணிய அப்பெரியவர் மறுநாட்காலை குளித்து, திருநீறணிந்து, பையுடன் வந்து நின்றார்! அவரையும் அழைத்துக்கொண்டே சென்றோம். பிழையால் விளைந்த நன்மை எனினும், பிழை பிழையே.

தவறு அவர்களிடம் மட்டும் இல்லை. நாம் கடைத்தெருவில் “மைன் ரோட்டீ காயா” என்று சொன்னால் அதே சிறுமி சிரித்துத் திருத்துகிறாள். ரொட்டி பெண்பால்; ஆகவே வினை ரொட்டியோடு இயையவேண்டும் என்பது நம் தமிழ் நாவுக்கு எளிதில் வருவதில்லை. அவள் நமக்கு இந்தி வாக்கியம் கற்பிக்கிறாள். நாம் அவளுக்குத் தமிழ் வாக்கியம் கற்பிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. சொற்பட்டியலை மனப்பாடம் செய்விப்பதைவிட, இரவு உணவின்போது ஒரு கதையை முழு வாக்கியங்களில் சொல்வது மேல். ‘வா’, ‘போ’, ‘சாப்பிடு’ என்னும் ஒற்றைச் சொற்களால் மட்டும் பிள்ளைகளிடம் பேசினால், வாக்கியம் அமைக்க அவர்கள் யாரிடம் கற்பர்? “பள்ளிக்குச் சென்று, பாடம் படித்து, விளையாடி வந்த பிள்ளை” என்று நாம் நீளப் பேசினாலே அவர்களும் நீளப் பேசுவர். சங்கத்தின் ஞாயிறு வகுப்பிலும் கதை கூறச் செய்வதற்கு அரைமணி ஒதுக்குமாறு வேண்டுகிறோம்.

குப்வாட் மக்கள் அண்டை வீட்டாரோடு நெருங்கி வாழ்ந்தும் தம் வீட்டு மொழியை இழக்கவில்லை. அவர்களால் இயன்றது நம்மாலும் இயலும். தெருவில் ‘ஹம்’ என்று கூடி வாழ்வோம். வீட்டில் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டையும் காப்போம்.