பதினோராம் தெருவில் ரயில்

மிச்சிகன் சிட்டி என்று பெயர் இருந்தாலும் ஊர் இருப்பது இந்தியானா மாநிலத்தில். ஏரிக்கரை ஊர். அங்கே பதினோராம் தெருவில் 2022 பிப்ரவரி வரை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. டிராம் இல்லை. சிகாகோவுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் முழு மின்சார ரயில். இரண்டு பக்கமும் வீடுகள், நடுத்தெருவில் தண்டவாளம், அதே தார்ச்சாலையில் கார்கள். பிளாட்பாரம் கிடையாது. வண்டி நின்றதும் தெருவில் இறங்கி நடந்துபோய்ப் படியேற வேண்டும்.

நான் சென்னையின் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில்களை ஷெட்டில் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர்களைத் திட்டியே தொண்டை கட்டியவன். சிகாகோவில் இருக்கும் மகள் இதைக் காட்டக் கூட்டிப்போனபோது, “இதுக்கு எவன் பர்மிஷன் கொடுத்தான்?” என்றுதான் முதலில் கேட்டேன்.

கொடுத்தது அந்தக் காலத்து நகரசபை. சவுத் ஷோர் லைன் என்று இன்று அழைக்கப்படும் இந்தப் பாதையில் வண்டி ஓடத் தொடங்கியது 1908-ல். அமெரிக்காவில் அப்போது டிராமுக்கும் ரயிலுக்கும் இடைப்பட்ட ஒரு ரகம் பெருகிவந்தது. ஊருக்குள் தெருவில் போகும், ஊர் தாண்டியதும் வயல்வெளியில் வேகமெடுக்கும். ஊருக்குள் நிலம் வாங்கிப் பாதை போட்டால் கட்டுப்படியாகாது. தெருவில் போட அனுமதி வாங்குவது மலிவு. பயணிகளுக்கும் கடைவீதியிலேயே இறங்கிக்கொள்ள வசதி.

முதலில் கம்பியில் இருந்தது 6,600 வோல்ட் ஏ.சி. 1925-ல் பாதையை நடத்திய கம்பெனி நொடித்து ஏலத்துக்கு வந்தபோது சாமுவேல் இன்சல் வாங்கினார். எடிசனிடம் செயலாளராக இருந்து, சிகாகோவின் மின்சாரத்தையே கையில் வைத்திருந்த மனிதர். மறு வருஷமே 1,500 வோல்ட் டி.சி.க்கு மாற்றினார். சிகாகோவுக்குள் நுழையும் பாதைக்குச் சொந்தமான இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயும் அதே மின்னழுத்தத்துக்கு வந்ததால் வண்டிகள் தங்கள் மோட்டாரிலேயே சிகாகோ நடுநகரம்வரை போக முடிந்தது. 1931-ல் நம் கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜுக்குக் கொடுத்ததும் இதே 1,500 வோல்ட் டி.சி.தான். நான் வேலைக்குச் சேரும் முன்பே இங்கே ஏ.சி. வந்துவிட்டது. அங்கே இன்றும் அதே டி.சி.

இன்சலின் சாம்ராஜ்யம் 1932-ல் சரிந்தது. கிரீஸுக்கு ஓடினார், பிடித்து வந்தார்கள், வழக்கில் விடுதலையானார். 1938-ல் பாரிஸ் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் விழுந்து இறந்தார். அவர் வாங்கிய பெட்டிகளோ 1983 வரை ஓடின. இரண்டாம் உலகப் போரில் கூட்டம் பெருகியது, புதுப் பெட்டி கிடைக்கவில்லை. ஷெட்காரர்கள் இருந்த பெட்டிகளைக் குறுக்கே வெட்டி, நடுவில் பதினேழரை அடித் துண்டைச் சேர்த்து நீளமாக்கினார்கள். இந்த வேலையைச் செய்தவர்களுக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம்.

சரக்கு ரயிலும் தெரு வழியாகத்தான். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி சோவியத் ரஷ்யாவுக்கென்று இருபது பெரிய மின்சார இன்ஜின்களைச் செய்தது. பனிப்போர் வந்து ஏற்றுமதி தடைபட்டது. அதில் மூன்றை சவுத் ஷோர் வாங்கியது. ஸ்டாலினின் பெயரால் ‘லிட்டில் ஜோ’ என்று கேலிப்பெயர் வைக்கப்பட்ட அந்த இன்ஜின்கள் இந்தியானாவின் வீட்டு வாசல்களைக் கடந்து போயின.

இன்சல் கையில் இருந்த மற்ற இரண்டு சிகாகோப் பாதைகளில் ஒன்று 1957-ல் பயணிகளைக் கைவிட்டது, இன்னொன்று 1963-ல் மூடப்பட்டது. கார் வாங்கியவர்கள் ரயிலை மறந்தார்கள். சவுத் ஷோர் பிழைத்ததற்குக் காரணம் கேரி நகரத்து எஃகு ஆலைகளும் சரக்கும்தான். ஆனால் தெருப்பாதை பிழைத்ததை யாரும் திட்டமிடவில்லை. ஈஸ்ட் சிகாகோவில் நெடுஞ்சாலை போடும்போதே அதன் ஓரமாகப் புறவழி கிடைத்தது, 1956-ல் ரயில் தெருவை விட்டது. சவுத் பெண்டில் 1970-ல் நடுவூர்ப் பகுதியையே வெட்டிவிட்டார்கள். மிச்சிகன் சிட்டிக்குப் புறவழியும் வரவில்லை, வெட்டவும் முடியவில்லை. ஊர் பாதையின் நடுவில் அல்லவா இருக்கிறது! எழுபதுகளில் கம்பெனி பயணிகள் சேவையையே நிறுத்தப் பார்த்தது. 1977-ல் அதைக் காப்பாற்றப் பொது அமைப்பு ஒன்று உருவானது. தெருவைச் சீர்செய்ய யாரிடம் காசு இருந்தது?

காசு வந்ததும் தெருவில் ஓடியது முடிந்தது. பல வீடுகளை வாங்கி இடித்து, தனிப்பாதையில் இரண்டாவது தண்டவாளம் போட்டு, 2024 மே மாதம் திறந்தார்கள். உயரமான பிளாட்பாரமும் வந்தது. ரயில் ரசிகர்கள் புலம்புகிறார்கள். படம் எடுக்க வந்தவர்களுக்கு அது அருமையான தெருதான். முழங்கால் வலியோடு நடுத்தெருவில் படியேறிய எனக்கு பிளாட்பாரம்தான் உசத்தி. வீட்டை இழந்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது வேறு கதை.

1927-ல் கட்டிய ஸ்டேஷனையும் இடித்தார்கள். முகப்பை மட்டும், புதிதாகக் கட்டும் கட்டிடத்தில் பொருத்துவதற்காகப் பிரித்தெடுத்து வைத்தார்கள். இன்சலுக்கு இதில் ஆட்சேபம் இருந்திருக்காது. அவரும் வந்ததும் பழைய மின்சாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.