பேஸ்காரர் எங்கே போனார்? அரியலூர்ப் பக்கத்துக் கச்சேரி மேடைகள் பற்றி ஒரு குறிப்பு

எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ்களில் பெரும்பாலும் தமிழ் மாதமும் தேதியும் இருக்கும், வருஷம் இருந்தாலும் 'துந்துபி', 'பிரபவ' என்று இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிற பெயர்கள். அதனால் பழைய நோட்டீஸ் ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது மாவட்டப் பெயரைத்தான். 'திருச்சி மாவட்டம்' என்றிருந்தால் 1995-க்கு முந்தியது. 'பெரம்பலூர் மாவட்டம்' என்றால் அதற்குப் பிந்தியது. அரியலூர் 2001-ல் தனி மாவட்டமாகி, 2002-ல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. ஊர்க்காரர்களுக்கு இது தலைவலி, நோட்டீஸ் சேர்க்கிறவனுக்கு வசதி.

இப்படி அடுக்கிப் பார்த்தால் ஒரு சொல் மாறுவது தெரியும். திருச்சி மாவட்டக் காலத்து நோட்டீஸில் 'இரவு 10 மணிக்கு மாபெரும் இன்னிசைக் கச்சேரி' என்று இருக்கும். அரியலூர் மாவட்டக் காலத்தில் அதே இடத்தில் 'ஆடல் பாடல் நிகழ்ச்சி' வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் எங்கேயோ ஓர் ஆள் மேடையை விட்டு இறங்கிவிட்டார். பாடகர் இல்லை, கீபோர்டு வாசிப்பவர் இல்லை. டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் அதிகம் படாத இடத்தில், நாலு கம்பி கிடாரோடு நின்ற பேஸ்காரர். அவர் போனதை ஊரில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவில்லை என்பதுதான் என்னைக் கொஞ்ச நாளாகக் குடைந்துகொண்டிருக்கிற கேள்வி.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நம் இசையில் கனத்த ஓசை உண்டு. மிருதங்கத்தின் தொப்பி, தவிலின் தொப்பி, தம்பூராவின் மந்தரம் எல்லாம் அதுதான். ஆனால் பாட்டுக்கு அடியில் தனியாக ஒரு மெட்டு நடந்து போவது, அதாவது பேஸ் லைன், நம் மேடையில் இருந்ததில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழி வந்த இசை நாடகத்தைப் பாருங்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும் இன்றும் விடிய விடிய நடக்கின்றன. மேடை ஓரத்தில் ஆர்மோனியக்காரர் பின்பாட்டும் பாடிக்கொண்டு வாசிப்பார், பக்கத்தில் மிருதங்கம், அப்புறம் தட்டுமுட்டுச் சத்தம் எல்லாம் கொடுக்கிற 'ஆல்ரவுண்ட்'. இவ்வளவுதான் குழு. ஆர்மோனியம் பாடுகிற குரலைத்தான் துரத்திக்கொண்டு போகும், அடியில் தனிப்பாதை போடாது. கிட்டப்பாவுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயர் வாசித்த ஆர்மோனியம் அந்தக் காலத்தில் தனிப்புகழ் பெற்றது. அதுவும் குரலுக்குத் துணைதான்.

பேஸ் நமக்கு சினிமா வழியாக வந்தது. சென்னை ஸ்டுடியோக்களில் முதலில் டபுள் பேஸ் இருந்தது, ஆள் உயரம், நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-ல் 'பிரிசிஷன் பேஸ்' என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கிடார் மாதிரி தோளில் மாட்டிக்கொள்ளலாம், கட்டை வைத்திருப்பதால் சுருதி பிசகாது, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டும் போகலாம். ஊர் ஊராகப் போகிற குழுவுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம்.

பாவலர் வரதராஜன் குழுவில் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்த இளையராஜா, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, 1976-ல் 'அன்னக்கிளி'யில் இசையமைப்பாளர் ஆனார். அவர் செய்த பெரிய காரியங்களில் ஒன்று பேஸ் கிடாருக்குத் தனி மெட்டு எழுதியது. அதுவரை பேஸ் பெரும்பாலும் சுருதியையும் தாளத்தையும் பிடித்துக் கொடுத்தது. இவர் பாட்டில் அது பாடகரோடு பேசும், எதிர்த்துப் பேசும், சில இடத்தில் முந்திக்கொண்டு போகும். அவருடைய குழுவில் நீண்ட காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். 'மூடுபனி' (1980), 'நினைவெல்லாம் நித்யா' (1982) பாட்டுகளை இயர்போனில் போட்டு, பாடகரை மறந்துவிட்டு அடியில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். வேறு பாட்டாகத் தெரியும். பின்னால் ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததும் அப்படித்தான்.

'பயணங்கள் முடிவதில்லை' (1982) வந்த சமயத்தில் மோகன் கையில் மைக்கைப் பார்த்த பையன்களுக்கு எல்லாம் மேடை ஆசை வந்தது. ஊருக்கு ஊர் ஆர்க்கெஸ்ட்ரா. சினிமாப் பாட்டில் பேஸ் இருப்பதால் ஆர்க்கெஸ்ட்ராவிலும் ஒரு பேஸ்காரர் வேண்டும். கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பங்குனி சித்திரைத் திருவிழா என்று சீசன் முழுக்க வேலை இருந்தது.

இங்கேதான் சிக்கல். அந்தக் கச்சேரிகளில் பேஸ்காரர் வாசித்தது யாருக்கும் கேட்டிருக்குமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேஸ் கிடாரின் நாலு கம்பிகளும் திறந்த நிலையில் ஏறக்குறைய 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் அதிரும். அன்றைக்கு ஊரில் இருந்தது ஊமத்தம்பூ மாதிரியான குழாய் ஸ்பீக்கர். தென்னை மரத்தில் கட்டினால் மூணு கிலோமீட்டருக்குப் பேச்சு கேட்கும், ஆனால் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் ஒன்றும் பெரிதாகச் செய்ய முடியாது. குழாயின் நீளமும் வாயின் அகலமும் அப்படி. மேல் ஸ்வரங்களில் கொஞ்சம் தப்பி வரும், அதை வைத்து நம் மூளை கீழ் ஸ்வரத்தை ஓரளவு ஊகித்துக்கொள்ளும். அவ்வளவுதான். மேடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்த சின்னப் பையன்களுக்கு பேஸ்காரரின் சொந்த ஆம்ப் கேட்டிருக்கும். பந்தல் தாண்டி உட்கார்ந்திருந்த ஊருக்குக் கேட்டது பாட்டு, கீபோர்டு, டிரம்ஸின் 'டப் டப்'.

இன்னொரு வேடிக்கை. தடித்த கம்பியில் மூன்றாவது கட்டையை அழுத்தினால் 49 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத ஊரில் ஸ்பீக்கர் பாக்ஸில் வருகிற 'ம்ம்ம்' என்ற இரைச்சல் அந்த ஸ்வரத்துக்குப் பக்கத்து வீடு. இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு ஒரு தடவை அலை மாதிரி ஏறி இறங்கும். எங்கள் பக்கத்தில் பல வருஷம் பேஸ் வாசித்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அதான் தம்பி, ஜெனரேட்டர் ஊர்ல எனக்கு ஜி வாசிக்கவே பிடிக்காது. கரண்டு வாசிக்குதா நான் வாசிக்கிறனான்னு எனக்கே தெரியாது" என்றார்.

அவர் கற்றுக்கொண்ட கதையும் இதே ஸ்பீக்கர் கதைதான். நொட்டேஷன் கிடையாது. கேசட்டைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வீட்டு டேப் ரெக்கார்டரின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் வராது. கேசட் கடையில் பெரிய பெட்டி ஸ்பீக்கர் இருக்கும், அங்கே போய் நின்று கேட்டு, மனசில் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து கம்பியில் தேடுவாராம். கடைக்காரர் பாட்டை மாற்றிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். இப்படிச் சேர்த்த நூற்றுக்கணக்கான பேஸ் லைன்கள் அவர் கையில் இருந்தன. குழாய் ஸ்பீக்கர் கேட்டுப் பழகிய ஊருக்கு அவை இருப்பதே தெரியாது.

தொண்ணூறுகளில் கீபோர்டு மலிவானது. கீபோர்டை நடுவில் பிரித்து இடது கைப் பக்கம் பேஸ் சத்தம் வைத்துக்கொள்ளலாம், ஸ்டைலைப் போட்டுவிட்டால் ஒரு விரலுக்கு அதுவே பேஸும் டிரம்ஸும் வாசித்துவிடும். வேனில் ஒரு ஆள் குறையும், சாப்பாட்டில் ஒரு இலை குறையும், சம்பளத்தில் ஒரு பங்கு குறையும். குழுத் தலைவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் கணக்கு அவருக்கு. ஆனால் இடது கை வாசித்தது ஆதார ஸ்வரத்தை மட்டும்தான். பாடகரோடு பேசிக்கொண்டிருந்த அந்த அடி மெட்டு போய்விட்டது. கேட்டே இராத ஒன்று போனால் யார் புகார் சொல்வார்கள்?

இதே சண்டை நியூயார்க்கில் வேறு மாதிரி நடந்தது. பிராட்வே இசை நாடகங்களில் மேடைக்கு முன்னால் பள்ளம் ஒன்று இருக்கும், வாத்தியக்காரர்கள் அதில் உட்கார்ந்து வாசிப்பார்கள். சபையோருக்கு அவர்கள் முகம் தெரியாது. ஒவ்வொரு தியேட்டரிலும் இத்தனை பேருக்குக் குறையக் கூடாது என்று சங்கத்தோடு ஒப்பந்தம் உண்டு. 2003 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் அந்த எண்ணிக்கையைக் குறைக்கப் பார்த்தார்கள், தேவையானால் கம்ப்யூட்டர் இசையை வைத்துக்கொள்வோம் என்றார்கள். வாத்தியக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் அவர்களோடு நின்றதால் இசை நாடகங்கள் கிட்டத்தட்ட எல்லாமே நாலு நாள் நின்றுபோயின. கடைசியில் பெரிய தியேட்டர்களில் 24 முதல் 26 பேர் என்றிருந்தது 18, 19 ஆனது. குறைந்தது, ஆனால் எழுத்தில் ஒரு எண் மிஞ்சியது. பள்ளத்துக்குள் முகம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவருக்குக் கிடைத்த பேரம், பந்தல் போட்ட மேடையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய நின்றவருக்குக் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பேஸ்காரருக்கு ஒரு சீசன் கூப்பிட்டார்கள், அடுத்த சீசன் கூப்பிடவில்லை. நிறுத்திவிட்டோம் என்று சொல்லக்கூட யாரும் வரவில்லை.

அப்புறம் 2000-ல் மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் வந்தன. 2005-ல் உச்ச நீதிமன்றம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு இருந்த கட்டுப்பாட்டை அழுத்திச் சொன்னது. கூம்பு ஸ்பீக்கருக்குப் போலீஸ் கெடுபிடி கூடியது. குழாய் மரத்திலிருந்து இறங்கி, 15 அங்குலம், 18 அங்குலம் என்று பெட்டிகள் பந்தலுக்குள் அடுக்கப்பட்டன. இந்தப் பெட்டிகளால் 41 ஹெர்ட்ஸுக்குப் பக்கம் வரை இறங்க முடியும். நெஞ்சுக்கூடு அதிர்கிறது என்று பெரியவர்கள் திட்டுவது இதைத்தான். பேஸ் கிடாரை ஊருக்கே கேட்க வைக்கிற கருவி ஒருவழியாக வந்து சேர்ந்தபோது மேடையில் பேஸ் கிடார் இல்லை.

இப்போது பெரும்பாலான ஆடல் பாடல் மேடைகளில் லேப்டாப்பிலோ பென் டிரைவிலோ டிராக் ஓடுகிறது. பாடகர் மட்டும் நேரில். அந்த டிராக்கில் சில சமயம் ஒரிஜினல் பேஸ் லைன் முழுசாக இருக்கிறது, முதல்முறையாக ஊருக்கு நன்றாகவே கேட்கிறது. சர்ச் பாடகர் குழுக்களில் மட்டும் பேஸ் கிடாரோடு இளைஞர்களை இன்னும் அங்கங்கே பார்க்கிறேன்.

நான் பேசிய அந்தப் பெரியவர் கிடாரை விற்றுவிட்டார். கேசட் கடையில் நின்று எடுத்த லைன்கள் இன்னும் விரலில் இருக்கின்றன, மேசை ஓரத்தில் தட்டிக் காட்டினார். அடுத்த முறை ஒரு பேஸ் கிடாரைக் கடன் வாங்கிக்கொண்டு போய் அவர் வாசிப்பதைப் பதிவு செய்வதாகத் திட்டம். உங்கள் வீட்டில் 1995-க்கு முந்தைய கச்சேரி நோட்டீஸ், குழுக்களின் விசிட்டிங் கார்டு, மேடை போட்டோ ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போட்டோவாக இருந்தால் டிரம்ஸுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பாருங்கள்.